காரா, கதவா? கூட்டுப்பெயருக்குள் நுழைய முடியாத ‘விச்’

‘தி கார் டோர் விச் வாஸ் டேமேஜ்டு’ என்னும் ஆங்கிலத் தொடரில் சேதமடைந்தது காரா, கதவா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கதவுதான். ஹூ, விச், தட் போன்ற ரிலேட்டிவ் புரோநவுன்கள் முன்னுள்ள பெயரைச் சுட்டும் என்பதும், ‘கார் டோர்’ போல இரு பெயர்கள் சேர்ந்த கூட்டுப்பெயரில் தலைமைச் சொல், அதாவது முதன்மைப் பொருளைத் தரும் சொல், பொதுவாக இறுதியில் நிற்கும் என்பதும் பள்ளியில் படித்தவையே. ஆனால், ‘அருகிலுள்ள பெயரையே சுட்டும்’ என்று வகுப்பறைகளில் மந்திரம்போல் ஒப்பிக்கப்படும் விதி இங்கே சரியான விடையைத் தருவது தற்செயல். உண்மைக் காரணம் வேறு.

‘ஷூ ஷாப்’ என்பதைப் பாருங்கள். கடையில் நூற்றுக்கணக்கான காலணிகள் இருந்தாலும் ‘ஷூ’ பன்மை ஏற்பதில்லை; தனக்கென ஒரு ‘தி’யையும் ஏற்பதில்லை. அது எந்தக் காலணியையும் குறிக்காமல், கடையின் வகையை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பற்றிக்கொள்ள ஒரு பொருள் இல்லாதபோது புரோநவுன் எதைச் சுட்டும்? சில சொற்களின் உட்கூறுகளை வெளியிலுள்ள புரோநவுன்களால் எட்ட முடியாமையைக் கவனித்த மொழியியலாளர் பால் போஸ்டல், 1969இல் அவற்றைத் ‘தீவுகள்’ என்றார். பொருத்தமான பெயர்.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இனிமேல்தான் வருகிறது. ‘ஓல்ட் புக் ஷாப்’ என்றால் பழைய புத்தகங்களை விற்கும் கடையாகவும் இருக்கலாம், பழைமையான கடையாகவும் இருக்கலாம். ஏனெனில் முன்னால் நிற்கும் ‘ஓல்ட்’, கூட்டுப்பெயர் முழுமை பெறுவதற்கு முன்பே ‘புக்’குடன் சேர்ந்துகொள்ள முடியும். ‘புக் ஷாப் தட் இஸ் ஓல்ட்’ என்று மாற்றினாலோ பழையது கடை மட்டுமே. உறையை ஒட்டிய பிறகு வந்து சேரும் கடிதத்தைப்போல, பின்னால் வரும் துணைவாக்கியத்துக்கு உள்ளே இடமில்லை.

‘ஆஃப்’ இட்டுப் பிரித்தால் உறை கிழிந்துவிடும். ‘தி டோர் ஆஃப் தி கார் விச் வாஸ் டேமேஜ்டு’ என்பதில் காருக்கும் தனி ‘தி’ கிடைத்துவிடுவதால் இரு பொருளும் இயலும். ‘தி சர்வன்ட் ஆஃப் தி ஆக்ட்ரஸ் ஹூ வாஸ் ஆன் தி பால்கனி’ என்ற வகைத் தொடர்களைக் குவேத்தோஸ், மிட்செல் என்னும் ஆய்வாளர்கள் 1988இல் ஆராய்ந்தபோது, ஆங்கிலம் பேசுவோர் பால்கனியில் நின்றது நடிகை என்று கொள்ளவே சாய்ந்தனர். ஸ்பானிய மொழியினரோ, தம் மொழியில் அதே தொடரைப் படித்து, பணியாளர் என்று கொண்டனர். நடிகையின் இடத்தில் ஒரு வீட்டை வைத்தால், ‘ஹூ’ மனிதரையே சுட்டும் என்பதால், இரு மொழியினருக்கும் இடையிலான இந்த வழக்கு ஆங்கிலத்தில் எழவே எழாது.