வலி மாத்திரைதானே என்று இருந்துவிட்டோம்

மகனின் முதுகுக்கு இரண்டு மாதம் தைலம் தேய்த்துவிட்டதாக அந்த அம்மா சொன்னார். அவன் பேண்ட் பாக்கெட்டில் காலி மாத்திரை அட்டைகள் கிடைத்திருக்கின்றன. பக்கத்து வீட்டில் காட்டிக் கேட்டதற்கு, "வலி மாத்திரைதான்க்கா இது, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். பையன் லோடு ஏற்றும் வேலைக்குப் போகிறவன், வயது 19. மூட்டை தூக்கினால் வலிக்காமலா இருக்கும்? அதனால் ராத்திரியானால் தைலம். கடைசியில் முழங்கை மடிப்பில் கட்டி பழுத்து, குளிர் ஜுரத்தோடு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தான். கட்டியைக் கீறிய அறுவைப் பிரிவு மருத்துவர்கள்தான் மனநல மருத்துவரான என்னைக் கூப்பிட்டார்கள். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பக்கத்து வீட்டில் சொன்னது பொய்யில்லை. டேபெண்டடால் வலி மாத்திரைதான், எலும்பு மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதுதான். ஆனால் அபின், மார்ஃபின், ஹெராயின் எல்லாம் மூளையில் எந்தக் கதவைத் தட்டுகின்றனவோ அதே கதவைத்தான் இதுவும் தட்டுகிறது. இந்த வகைக்கு ஓபியாய்டு என்று பெயர். இதன் பங்காளியான ட்ரமடாலை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அந்த அறிவிப்பில் டேபெண்டடால் இல்லை. பையன்களுக்கு இந்த விவரமெல்லாம் நம்மைவிட நன்றாகவே தெரியும்.

தமிழ்நாட்டில் போதை என்றால் நமக்குச் சாராயமும் கஞ்சாவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஓபியாய்டு என்றால் பஞ்சாப், மணிப்பூர் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுவோம். 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் ஏதோ ஒரு ஓபியாய்டைப் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டது. மக்கள்தொகையில் ஹெராயின் பயன்படுத்துகிறவர்கள் 1.14 சதவீதம், மருந்து வகை ஓபியாய்டு பயன்படுத்துகிறவர்கள் 0.96 சதவீதம். கடத்தல் சரக்குக்கும் மருந்து அட்டைக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவதுதான் இங்கே பெரிய கொடுமை. மாத்திரை வாய்க்காகச் செய்யப்பட்டது. அதை உருட்டிச் சேர்க்கப் போட்ட மாவும் பசையும் ரத்தக்குழாயில் போய் அடைக்கும், நுரையீரல் வரைக்கும் போகும். ஊசியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி. நான் பார்த்த வரையில் முதல் ஊசியை யாரும் தனியாகப் போட்டுக்கொண்டதில்லை. ஒரு அண்ணன் இருப்பான், ஒரு மொட்டை மாடி இருக்கும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் கொட்டாவி. அப்புறம் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், மயிர்க்கூச்செறியும், வயிற்றால் போகும், தூக்கமே வராது. "கை காலை யாரோ பிச்சு எடுக்கற மாதிரி இருக்கு சார்" என்பார்கள். இரண்டாவது மூன்றாவது நாள்தான் உச்சம். இந்த நிலைக்கு வந்தவன் சந்தோஷத்துக்காகப் போடுவதில்லை. எழுந்து வேலைக்குப் போவதற்காகப் போடுகிறான். அவனைப் பார்த்து "உனக்கு என்னடா குறை வெச்சோம்" என்று அழுவதில் பயனில்லை.

தெருவில் விஷயம் தெரிந்தால் வழக்கமாக நடப்பது தெரிந்ததுதான். நாலு அடி, போலீஸ், இல்லையென்றால் ஏதாவது ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம். மையத்தில் சேர்ப்பது தப்பென்று சொல்லவில்லை. மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அது கட்டாயம். பிள்ளையைப் பார்க்க விட மாட்டோம் என்று சொன்னால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, திரும்பக் கூட்டி வந்துவிடுங்கள். எனக்குப் பயமெல்லாம் அவன் மையத்திலிருந்து வீட்டுக்கு வருகிற நாளைப் பற்றித்தான்.

சில வருஷத்துக்கு முன் ஒரு பையன். மையத்தில் தொண்ணூறு நாள் இருந்துவிட்டு, உடம்பு தேறி, முகம் தெளிந்து வந்தான். குடும்பமே திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தது. வீடு திரும்பிய நாலாம் நாள் குளியலறையில் இறந்து கிடந்தான், கதவு உள்ளே தாழ்ப்பாள். அவன் போட்டது பழைய அளவுதான், ஒரு மாத்திரைகூட அதிகமில்லை. ஆனால் தொண்ணூறு நாளில் உடம்பு அந்தப் பழக்கத்தைத் தொலைத்துவிட்டது, மூச்சு நின்றுவிட்டது. மையத்துக்கு அனுப்பும்போதே இதை அந்த வீட்டில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சிறையிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

இப்போது எல்லா வீட்டிலும் சொல்கிறேன். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, குறட்டை மாதிரி கரகரவென்று சத்தம், உதடு நீலம், கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நின்றுவிட்டால், தெரிந்தவர்கள் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்றக் கூடாது. மருத்துவமனையில் என்ன போட்டான் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நலாக்சோன் ஊசி போட்டால் கண் முன்னாலேயே எழுந்து உட்காருவான். உட்கார்ந்துவிட்டானே என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள், அந்த ஊசியின் வேகம் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் குறைந்துவிடும், மாத்திரை உள்ளேதான் இருக்கும்.

சிகிச்சை என்று சொன்னதும் வீட்டில் பெரியவர்கள் சண்டைக்கு வருவது புப்ரெனார்ஃபினுக்கு. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுகிற மாத்திரை இது. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா டாக்டர்?" அதே கதவில் போய் உட்கார்ந்துகொள்வது உண்மைதான். ஆனால் மெதுவாக, நிதானமாக. கொட்டாவியும் வராது, மிதப்பும் வராது, பையன் வேலைக்குப் போவான். உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எத்தனை நாள் என்று கேட்டால், சிலருக்கு வருஷக்கணக்கில். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரிடம் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. 2025இல் தமிழக அரசு 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். வெளியே வரவே கூச்சமாக இருந்தால் 14446 அல்லது 14416க்குப் போன் செய்யுங்கள். தானாகச் சிகிச்சைக்கு வருகிறவன் மீது, சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவில் வைத்திருந்ததற்காக வழக்கு நடத்துவதிலிருந்து போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்கு தருகிறது. இதை எந்த விழிப்புணர்வு பேனரிலும் நான் பார்த்ததில்லை. பள்ளி மைதானத்தில் கையை நீட்டி உறுதிமொழி எடுப்பது நல்லதுதான், ஆனால் அந்த வரிசையில் ஏற்கெனவே ஊசி போடுகிற ஒருவன் நின்றால் அவன் யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் பக்கத்து மெடிக்கல்காரரோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் அவர் வலி மாத்திரை கொடுப்பதில்லை, அதற்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் பையன்கள் வந்தால் ஊசியும் கிடையாது என்று விரட்டிவிடுகிறார். விரட்டினால் நாலு பேர் ஒரே ஊசியில் போடுவார்கள், அவ்வளவுதான் நடக்கும். புது ஊசியைக் கொடுத்துவிட்டு, "தம்பி, ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்ப் பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க, நாளைக்குத் தெரு ஜனம் என்னைத்தான் கேட்கும்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் தெரு ஜனத்துக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஹெபடைடிஸ் சி வந்துவிட்டாலும் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரையில் குணமாகிவிடும். 2018இல் தொடங்கிய தேசிய திட்டத்தில் அது இலவசம்.

அந்த லோடு வேலைப் பையன் ஏழு மாதம் சுத்தமாக இருந்தான். ஆடித் திருவிழாவில் ஒரு நாள் மறுபடி போட்டுவிட்டான். மறுநாள் காலையில் அவனே ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அவனுடைய மேஸ்திரிதான் அனுப்பியிருக்கிறார்: "போய்ச் சொல்லிட்டு வா, வேலை எங்கயும் போயிடாது." ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சை மாத்திரை வாங்க வருகிற நாட்களில் பத்து மணிக்கு விட்டுவிடுகிறார், கூலியில் பிடிப்பதில்லை. அவர் யாரிடமும் கவுன்சலிங் படித்தவரில்லை. அவருடைய தம்பி குடியில் போனவர் என்று பிறகு தெரிந்தது.

பழைய கதையை நான் சொன்ன அன்றே குளியலறையின் உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டவர் அந்த அம்மா. ஒன்றரை வருஷம் கழித்து, "மறுபடி மாட்டலாமா டாக்டர்?" என்று கேட்டார். "அவனையே கேளுங்கம்மா" என்றேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று அவன் சொன்னானாம்.