ஃபைனல் ஃபைலிலும் பழைய பிழை திரும்பி வரும்

எங்கள் அச்சகத்தில் மசாலா பாக்கெட் ஒன்றின் வேலை. நான்காவது முறையாகத் திருத்தம் வந்திருந்தது. பார்ட்டி, அதாவது வேலை கொடுத்த மசாலாக் கம்பெனி, கேட்டது ஒரே ஒரு மாற்றம்தான், பின்பக்கத்தில் உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணை மாற்ற வேண்டும். டிசைனர் மாற்றி அனுப்பினார், அவர்கள் செல்போனில் திறந்து அந்த எண்ணை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஓகே சொன்னார்கள், நாங்களும் அந்த எண்ணைத்தான் பார்த்தோம். எண் சரியாக இருந்தது. ஆனால் டிசைனர் திறந்து திருத்தியது மூன்றாவது ஃபைலை அல்ல, இரண்டாவதை. மூன்றாவதில் நிகர எடை 100 கிராமிலிருந்து 90 கிராமாக மாறியிருந்தது. அது மறுபடி 100 ஆகிவிட்டது. சிலிண்டர் தயாராகி, ஃபிலிம் ஓடி, பவுச் கைக்கு வந்த பிறகுதான் யாரோ கவனித்தார்கள்.

கிராவ்யூர், அதாவது உருளையில் செதுக்கி ஃபிலிம் மேல் அச்சடிக்கும் முறை, தெரிந்தவர்களுக்கு இதன் வலி புரியும். ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர். எழுத்து எந்த நிறத்தில் இருக்கிறதோ அந்த சிலிண்டரை மறுபடி செய்ய வேண்டும், ஓடிய ஃபிலிம் மொத்தமும் கழிவு. ஆஃப்செட் என்றால் பிளேட் எனும் அச்சுத் தகட்டோடும் பேப்பரோடும் போகும், அதுவும் சின்ன நஷ்டம் இல்லை. பணத்தை விடுங்கள், அந்தப் பவுச் கடைக்குப் போயிருந்தால் 90 கிராம் சரக்கை 100 கிராம் என்று சொல்லி விற்றதாக ஆகியிருக்கும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், வருடம், புகார் சொல்ல வேண்டிய முகவரி எல்லாம் உறை மேல் சரியாக இருந்தாக வேண்டும். வாங்குகிறவர் நம்புவது அந்த எழுத்தைத்தான்.

அன்றைக்கு எங்களுக்கு உறைத்தது இதுதான். சொன்ன திருத்தம் வந்திருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறோம். சொல்லாத இடம் மாறாமல் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பிழை வருவது பெரும்பாலும் அந்த இரண்டாவது இடத்தில்தான், ஏனென்றால் அங்கே யாருடைய கண்ணும் போவதில்லை. இதைக் கண்ணால் மட்டும் பிடிக்க முடியாது. பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் கம்ப்யூட்டரில் ஒன்றோடு ஒன்று வைத்து ஒப்பிட்டே ஆக வேண்டும்.

முதலில் காசு செலவில்லாத ஒரு வழி. 1930இல் கிளைட் டோம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்த முறை இது. ஜனவரி மாதம் ஆறு நாள் இடைவெளியில் வானத்தின் ஒரே பகுதியை எடுத்த இரண்டு படங்களை ஒரு கருவியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். நட்சத்திரங்கள் எல்லாம் அசையாமல் நின்றன, ஒரு புள்ளி மட்டும் இடம் தாவியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் கண் ஏமாந்துவிடும். ஒரே இடத்தில் மாற்றி மாற்றிக் காட்டினால் மாறியது மட்டும் துள்ளும். நாமும் அதையே செய்யலாம். இரண்டு பிடிஎஃப்களையும் ஒரே வியூவரில் இரண்டு டேபில் திறந்து, ஒரே பக்கம், ஒரே ஜூம் வைத்து, கண்ட்ரோல் டேப் அழுத்தி மாறி மாறிப் பாருங்கள். முழுப் பக்கம் தெரியும்படி ஒருமுறை, அப்புறம் 200 சதவீதத்தில் நான்கு மூலையாகப் பிரித்து ஒருமுறை. ஒரு லேபிளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. க்யூஆர் கோடு மாறியிருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், இந்த முறையில் சட்டென்று படபடக்கும்.

அடுத்தது சாஃப்ட்வேர் ஒப்பீடு. அக்ரோபாட் ப்ரோவில் கம்பேர் ஃபைல்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, இலவச ரீடரில் அது கிடைக்காது. பழைய ஃபைல் எது, புதிய ஃபைல் எது என்று கொடுத்தால் எங்கே எழுத்து மாறியது, எங்கே சேர்ந்தது, எங்கே நீங்கியது, எந்தப் படம் மாறியது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். எழுத்தை மட்டும் ஒப்பிடு என்று ஒரு தேர்வும் உண்டு, அச்சு வேலைக்கு அதை டிக் செய்யாதீர்கள். பணம் கட்டி வாங்க முடியாதவர்களுக்கு டிஃப்-பிடிஎஃப் என்ற இலவசத் திறமூல நிரல் இருக்கிறது. அது எழுத்தைப் படிப்பதில்லை, பக்கத்தைப் படமாக எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்து, வேறுபடுகிற இடத்தை நிறத்தில் காட்டுகிறது. கமாண்ட் அடித்துத்தான் ஓட்ட வேண்டும், பழகினால் சுலபம். ஃபோட்டோஷாப் இருக்கிறவர்கள் இரண்டு ஃபைலையும் ஒரே அளவில், 300 டிபிஐயில், சோதனைக்காக மட்டும் திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபியில் திறந்து, ஒன்றின் மேல் ஒன்றாக லேயர் வைத்து, மேல் லேயரை டிஃபரன்ஸ் மோடுக்கு மாற்றுங்கள். ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் முழுக் கறுப்பாகிவிடும், மாறிய இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். மங்கலான மாற்றம் தெரிய மேலே லெவல்ஸ் என்ற வெளிச்சம் கூட்டும் வசதியைப் போட்டுத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரு படம் கால் மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால்கூட அதன் ஓரம் கோடு கோடாக ஒளிரும்.

இதில் நம் ஊர் டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலைக்கே உரிய ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபாண்ட் பிரச்சினை வரக் கூடாது என்று நாம் கோரல்டிராவில் கண்ட்ரோல் க்யூ போட்டு எல்லாவற்றையும் கர்வ் ஆக்கி அனுப்புகிறோம். கர்வ் ஆனதும் அது எழுத்து இல்லை, வெறும் வடிவம். எழுத்தை ஒப்பிடும் சாஃப்ட்வேர் அதைத் திறந்து பார்த்துவிட்டு மாற்றம் எதுவும் இல்லை என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை, அதற்குப் படிக்க அங்கே எழுத்தே இல்லை, அவ்வளவுதான். வித்தியாசம் இல்லை என்ற முடிவைப் பார்த்து நிம்மதியாவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு வார்த்தையை மவுஸால் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று இழுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த ஃபைலுக்கு எழுத்து ஒப்பீடு செல்லாது, படமாக வைத்து ஒப்பிடும் முறைதான் வழி.

தமிழ் எழுத்தாகவே இருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. யூனிகோட் தமிழில் செய்த பிடிஎஃப்பிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுக்கும்போது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி, சில எழுத்துகள் காணாமலே போய் வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒப்பிடும் சாஃப்ட்வேரும் அப்படித்தான் எடுக்கிறது, அதனால் ஒன்றுமே மாறாத பத்தியில் நாற்பது மாற்றம் என்று காட்டும். விசித்திரம் என்னவென்றால், பாமினி மாதிரிப் பழைய ஃபாண்டில் செய்த ஃபைல்களில் அறிக்கை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் படிக்க முடியாமல் இருக்கும், ஆனால் மாறிய இடத்தைப் பல சமயம் சரியாகவே காட்டிவிடும், ஏனென்றால் அங்கே கீழே கிடப்பது நேரான ஆங்கிலக் குறிகள். ஔ என்ற எழுத்தை ஒருவர் ஒரே எழுத்தாகவும் இன்னொருவர் ஒ, ள என்று இரண்டாகவும் அடித்திருந்தால் அச்சில் பெரிதாக வித்தியாசம் தெரியாது, சாஃப்ட்வேர் கத்தும். எதிர்ப்பக்கமும் உண்டு. பக்கம் அமைக்கும் இன்டிசைனில், எழுத்தை வரியாகக் கோர்க்கும் பாராகிராஃப் கம்போசர் என்ற தேர்வு வேர்ல்டு ரெடி என்பதிலிருந்து சாதாரணத்துக்கு மாறிவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அடித்த எழுத்து ஒன்றுதான், பக்கத்தில் தெரிவது வேறு. வேறு கம்ப்யூட்டரில் ஃபாண்ட் மாறிப்போய் வரி நீண்டு கடைசி வரி பெட்டிக்கு வெளியே போய்விட்டால் அந்த வரி பிடிஎஃப்பில் வரவே வராது. ஆகவே தமிழ் வேலைக்கு எழுத்து ஒப்பீட்டை மட்டும் நம்பாதீர்கள். இரண்டையும் செய்யுங்கள்.

சரி, திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன, டிஃபரன்ஸிலும் கிட்டத்தட்ட கறுப்புதான். அப்போதும் பிளேட் வேறாக வரலாம். கறுப்பு எழுத்து பழைய ஃபைலில் கறுப்பு மட்டும், புதிய ஃபைலில் யாரோ ஆர்ஜிபி கறுப்பை மாற்றியதால் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று அச்சின் நான்கு நிறமும் சேர்ந்த கறுப்பு. திரையில் இரண்டும் கறுப்பே. மெஷினில் நான்கு பிளேட்டும் மயிரிழை தப்பாமல் பொருந்தினால்தான் அந்த எட்டு பாயிண்ட் எழுத்து தெளிவாக வரும், கொஞ்சம் விலகினால் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். இதைப் பிடிக்க அக்ரோபாட் ப்ரோவில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் அவுட்புட் ப்ரிவியூ திறந்து கறுப்பின் டிக்கை எடுத்துவிடுங்கள். கறுப்பு எழுத்து மொத்தமும் மறைய வேண்டும். மறையாமல் நிற்கிற எழுத்து நான்கு நிறத்தில் இருக்கிறது. பழைய ஃபைலிலும் புதிய ஃபைலிலும் இதைச் செய்து பார்த்தால் எங்கே மாறியது என்று தெரிந்துவிடும். அதே பட்டியலில் நிறங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். போன தடவை ஐந்தாவதாக ஒரு பான்டோன் நிறம், அதாவது தனியாகக் கலந்த மை, இருந்து இந்தத் தடவை நான்குதான் இருக்கிறது என்றால் யாரோ அதை சிஎம்ஒய்கே என்ற அந்த நான்கு நிறக் கலவையாக ஆக்கியிருக்கிறார்கள், கம்பெனியின் லோகோ நிறம் இனி வேறாகத்தான் வரும்.

ஓவர்பிரிண்ட், அதாவது கீழே உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடுவது, இன்னொரு கண்ணி. கறுப்பு எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் போட்டிருப்பார்கள், அது சரிதான். பின்னணி அடர்சிவப்பாக மாறியதும் எழுத்தை வெள்ளையாக்குவார்கள், ஓவர்பிரிண்ட் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக்கு மை கிடையாது, எனவே பிளேட்டில் அந்த எழுத்து பின்னணிக்குள் மறைந்துவிடும். செல்போனிலும் பிரவுசரிலும் பொதுவாக வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரியும், பார்ட்டி அதைப் பார்த்துத்தான் ஓகே சொல்கிறார். அக்ரோபாட்டின் ப்ரிஃபரன்ஸில் பேஜ் டிஸ்ப்ளே என்ற இடத்தில் ஓவர்பிரிண்ட் ப்ரிவியூ பொதுவாக அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ் ஃபைல்களுக்கு மட்டும் என்று இருக்கும், அதை எப்போதும் என்று மாற்றிவிடுங்கள். இலவச ரீடரிலும் இது இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தை இன்றைக்கே செய்துவிடலாம்.

லேயர் வைத்த ஃபைல் என்றால் எந்த லேயர் அணைந்திருக்கிறது என்று இரண்டிலும் பாருங்கள், தமிழ் லேயரும் தெலுங்கு லேயரும் மாறிப் போன கதைகள் உண்டு. வெட்டிய பிறகு வரும் ட்ரிம் அளவும், வெட்டுவதற்காக ஓரத்தில் கூடுதலாக விடும் 3 மில்லிமீட்டர் ப்ளீடும் சாதாரணமாகத் திரையில் தெரியாது, தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பார்கோடைப் பொறுத்தவரை ஒப்பீடு போதாது. கோடுகள் ஒரு படம், கீழே உள்ள 13 எண்கள் தனியாக அடித்த எழுத்து என்று வைத்திருப்பவர்கள் நிறைய. எண் மாறியிருக்கும், கோடு பழையதாகவே இருக்கும். 890 என்று தொடங்கும் அந்த எண்ணில் கடைசி இலக்கம் முந்தைய பன்னிரண்டிலிருந்து கணக்குப் போட்டு வருவது, ஆகவே ஒரு இலக்கத்தை மட்டும் கையால் மாற்றினால் அது செல்லாது. ப்ரூஃபைக் காகிதத்தில் எடுத்து போனில் ஸ்கேன் செய்து, வருகிற எண்ணைப் பார்ட்டி கொடுத்த எண்ணோடு வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணுக்கும் இதே மாதிரி ஒருவர் படிக்க இன்னொருவர் பார்ப்பதுதான் நல்லது. அச்சுக் கோர்த்த காலத்துப் பழக்கம் இது, இன்றைக்கும் இதற்கு மாற்று வரவில்லை என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் பலன் தர வேண்டுமானால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பது சரியாக இருக்க வேண்டும். ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் ஓகே ஒன்று என்று பெயர் வைத்த ஃபோல்டரில் எது கடைசியாக ஒப்புதல் வாங்கியது என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் இப்போது பார்ட்டி ஓகே சொன்ன ஃபைலைத் தேதியோடு தனி ஃபோல்டரில் போட்டு ரீட் ஒன்லி ஆக்கிவிடுகிறோம். அடுத்து எந்தத் திருத்தம் வந்தாலும் ஒப்பீடு அதோடுதான், நடுவில் வந்து போன எதனோடும் இல்லை. பார்ட்டி பார்த்த ஃபைலும் நம்மிடம் உள்ள ஃபைலும் ஒன்றுதானா என்று சந்தேகம் வந்தால் விண்டோஸிலேயே உள்ள சர்ட்யூட்டில் கமாண்டில் இரண்டுக்கும் ஹேஷ், அதாவது ஃபைலின் கைரேகை போன்ற ஒரு எண், எடுத்துப் பாருங்கள், ஒரு புள்ளி மாறியிருந்தாலும் அந்த எண் முழுக்க வேறாகிவிடும். பார்ட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பிடிஎஃப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதில் வட்டம் போட்டு அனுப்பாமல், டாக்குமெண்டாக அனுப்பி, என்ன மாற்றம் என்பதை எழுத்தில் எழுதுங்கள். எங்களுக்கு வரும் ஒப்பீட்டு அறிக்கையில் உள்ள மாற்றங்களும் உங்கள் பட்டியலில் உள்ள மாற்றங்களும் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும். நீங்கள் இரண்டு சொல்லி, அறிக்கை மூன்று காட்டினால் அந்த மூன்றாவதுக்கு யாராவது பதில் சொல்லும்வரை பிளேட் போடக் கூடாது.

ஆடிப் பெருக்கு தாண்டிவிட்டால் சிவகாசிப் பக்கம் காலண்டர் வேலை மூச்சு விட விடாது. அப்படிப்பட்ட ஒரு நாளில் ஒரு நகைக்கடையின் மாதக் காலண்டர் திருத்தமாகி வந்தது. கடையின் புதுக் கிளை முகவரியைச் சேர்க்க வேண்டும், வேறு ஒன்றும் இல்லை. எழுத்து ஒப்பீட்டில் முகவரி மட்டும்தான் வந்தது. மெஷின் காலியாக நிற்கிறது, பையன் பிளேட் போட்டுவிடலாமா என்று கேட்கிறான். பழக்கத்துக்குப் பன்னிரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஏப்ரலில் ஒரு தேதி துடித்தது. பழைய ஃபைலில் சிவப்பு, புதியதில் கறுப்பு. 14ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டு. எண் அதே எண், நிறம்தான் போயிருந்தது, அதனால் எழுத்து அறிக்கையில் அது இல்லை. டிசைனரைக் கூப்பிட்டேன். புது ஃபைல் வர இருபது நிமிடம் ஆயிற்று, அதையும் ஒருமுறை முதலிலிருந்து ஒப்பிட்டுவிட்டுத்தான் பிளேட்டுக்குக் கொடுத்தோம்.