கனசாவாவில் ஈரம் செய்கிற வேலை

ஜப்பானின் மேற்குக் கரையோரம் இருக்கும் கனசாவா ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள்: சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே. மழையும் பனியுமாக ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் கொட்டுகிற ஊர் அது. தோட்டமும் கைத்தொழிலும் பார்க்க வழிகாட்டியோடு நடக்கிறவர்கள் பெரும்பாலும் கென்ரோகுஎன் தோட்டத்தில் தொடங்குவார்கள். அப்புறம் கோட்டை வாசல், அசானோ ஆறு, ஹிகாஷி சாயா என்ற பழைய தேநீர் விடுதித் தெரு, கடைசியாகத் தங்க ரேக்குப் பட்டறை. நிதானமாக நடந்தால் அரைநாள் ஆகும்.

இந்த வழியெங்கும், ஒரு காலத்தில் இந்த ஊரை ஆண்ட மயேதா பிரபுக்களின் கதையைக் கேட்கலாம். நல்ல கதைதான். ஆனால் இங்கே கண்ணைப் பறிக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்த ஊரின் தண்ணீர் இருக்கிறது. ஓடும் நீர், உறைந்த நீர், காற்றில் கலந்த நீர் என்று மூன்று விதமாகவும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஊர் இன்னும் நன்றாகப் புரியும்.

கென்ரோகுஎன் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. பரப்பு 11.4 ஹெக்டேர். மேட்டின் மேல் குளமும் ஓடையும் அருவியும் எப்படி வந்தன? 1631-ல் ஊரில் மூண்ட பெருந்தீயில் கோட்டையும் எரிந்துபோனது. மறு ஆண்டே மூன்றாவது பிரபு தோஷிட்சுனே, கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி இட்டயா ஹெய்ஷிரோ என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அவர் சாய் ஆற்றின் மேல்பகுதியில் தண்ணீரைத் திருப்பி, சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்சுமி கால்வாயை வெட்டினார். அதில் கணிசமான தூரம் மலையைக் குடைந்த சுரங்கம். ஆற்றுப் பக்கச் சரிவிலிருந்து குறுக்கே துளைகள் போட்டு, ஒரே சமயத்தில் பல முனைகளில் தோண்டியதால் வேலை வேகமாக முடிந்தது. அவ்வளவு மேலே போய்த் தண்ணீரைத் திருப்பியதற்குக் காரணம் உயரம்தான். கால்வாய் மிக மெல்லிய சரிவில் வருகிறது, ஆறோ வேகமாக இறங்கிவிடுகிறது. ஊரை அடையும்போது ஆறு பள்ளத்தில் ஓட, கால்வாய்த் தண்ணீர் மேட்டின் தலையில் வந்து நிற்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தோட்டத்துக்கும் கோட்டைக்கும் நடுவில் பள்ளம். இன்று கார்கள் ஓடும் அந்தச் சாலை அன்றைக்கு அகலமான அகழி. தண்ணீர் அதில் இறங்கி, எதிர்க்கரையில் திரும்ப ஏற வேண்டும், அதுவும் பம்பு இல்லாமல்.

நம் ஊர்க் கொத்தனார் சுவரில் மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூபை எடுத்துக்கொண்டு வருவார். டியூப் நடுவில் தரையில் புரண்டு கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஹெய்ஷிரோ செய்ததும் அதே காரியம்தான். ஒரு பக்கச் சரிவில் இறங்கி, அடியில் குறுக்கே போய், மறுபக்கம் ஏறுகிற மூடிய குழாய். தோட்டப் பக்கத்து வாய் சற்று உயரமாகவும் கோட்டைப் பக்கத்து வாய் சற்றுத் தாழ்வாகவும் இருந்தால் தண்ணீர் தானாக ஏறி வழியும். அந்தச் சிறிய உயர வித்தியாசம், குழாயின் உட்சுவரில் உரசி இழக்கும் ஆற்றலை ஈடுகட்டத் தேவை. சொல்வதற்கு எளிது, கட்டுவது கடினம். ஆழம் 10 மீட்டர் கூடினால் குழாயின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ எடை கூடுதலாக அழுத்தும். ஒரே ஒரு மூட்டு கசிந்தால் போதும், எதிர்க்கரையில் தண்ணீர் குறைந்துவிடும். ஆரம்பத்தில் மரக்குழாய் போட்டார்கள், பின்னாளில் கல்லைக் குடைந்த குழாயாக மாற்றினார்கள்.

இதே விதியைக் கண்ணால் பார்க்கத் தோட்டத்திலேயே ஒரு இடம் உண்டு. கசுமிகா குளத்துக்குக் கீழே, பாதையோரத்தில் ஒரு நீரூற்று சுமார் மூன்றரை மீட்டர் உயரம் எழும்புகிறது. மோட்டார் கிடையாது. மேலே உள்ள குளத்திலிருந்து குழாய் வழியாக இறங்கும் தண்ணீர், தன் பழைய உயரத்தைத் தேடி ஏறுகிறது. குழாயின் உரசலும் காற்றின் தடையும் கொஞ்சம் தின்றுவிடுவதால் குள மட்டத்தை அது தொடுவதில்லை. குளத்தில் தண்ணீர் ஏறினால் ஊற்றும் ஏறும், குறைந்தால் தாழும். எடோ காலத்தின் கடைசியில், 1861-ல், கோட்டைக்குள் தண்ணீர் கொண்டுபோகச் செய்த சோதனை இது என்று சொல்கிறார்கள். ஜப்பானின் மிகப் பழைய நீரூற்றும் இதுவே என்கிறார்கள். கூட்டமெல்லாம் குளக்கரையில் இரண்டு கால் கல்விளக்கைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், இந்த ஊற்றின் முன்னால் அதைவிட அதிக நேரம் நிற்கலாம்.

குளத்தின் கரையில்தான் கராசாகி பைன் நிற்கிறது. பிவா ஏரிக்கரையிலிருந்து விதை கொண்டுவந்து, 13-வது பிரபு நரியாசு வளர்த்த மரம். கிளைகள் தண்ணீரின் மேல் வெகுதூரம் படுக்கையாக நீள்கின்றன. அழகு அந்த நீட்சியில்தான், ஆபத்தும் அதில்தான்.

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வறண்ட குளிர்காற்று வீசுகிறது. வழியில் ஜப்பான் கடல் குறுக்கிடுகிறது. அங்கே தெற்கிலிருந்து சுஷிமா வெப்ப நீரோட்டம் ஓடுவதால் கடல் வெதுவெதுப்பாக இருக்கும். காற்று அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, 2,702 மீட்டர் உயரமுள்ள ஹாகுசான் போன்ற மலைகளில் மோதி மேலேறும்போது பனியாகக் கொட்டுகிறது. ஆனால் கனசாவாவில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையே 4 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். அதனால் விழுகிற பனி பாதி உருகிய நிலையிலேயே விழுகிறது. பனித் துகள்களுக்கு நடுவில் மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால் ஒன்றோடொன்றும் ஊசியிலைகளோடும் ஒட்டிக்கொள்ளும். கடுங்குளிர் ஊர்களின் உலர்பனி ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரை எடை இருக்கும். ஈரப்பனி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஊதினால் பறக்காது, கிளையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு யுகிட்சுரி என்கிற கயிற்றுக்கட்டுதான் மருந்து. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1-ம் தேதி தோட்டக்காரர்கள் கராசாகி பைனில் வேலையைத் தொடங்குகிறார்கள். மரத்தை ஒட்டி, மரத்தைவிட உயரமாக ஐந்து கம்பங்களை நட்டு, அவற்றின் உச்சியிலிருந்து சுமார் 800 வைக்கோல் கயிறுகளை இறக்கி, கிளை கிளையாகக் கட்டுகிறார்கள். பழத்தின் பாரத்தில் ஆப்பிள் கிளை ஒடியாமல் இருக்கச் செய்த கட்டிலிருந்து வந்த முறை இது.

இதில் உள்ள கணக்கு அருமையானது. ஒரு முனை மட்டும் மரத்தில் பதிந்து, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் கிளையில் பனி சீராக விழுந்தால், வளைக்கும் விசை முழுவதும் கிளையின் அடியில் வந்து சேரும். நுனியை ஒரு கயிறு உறுதியாகத் தாங்கிப் பிடித்தால், பொறியியல் கணக்குப்படி அடியில் வரும் வளைவிசை நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. கயிறு கிளையைத் தூக்கவே தேவையில்லை, நுனி இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சரி, கம்பம் ஏன் மரத்தைவிட உயரம்? கயிறு சாய்வாக இருந்தால் அதன் இழுவிசையில் ஒரு பகுதிதான் மேல்நோக்கி வேலை செய்யும். மிச்சம் கிளையைத் தண்டை நோக்கி அழுத்தும். கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் கட்டினால், 10 கிலோவைத் தாங்கக் கயிற்றுக்குச் சுமார் 11.5 கிலோ இழுவிசை வேண்டும். 30 டிகிரியில் கட்டினால் 20 கிலோ வேண்டும். கம்பம் உயர உயரக் கயிறு செங்குத்தாகிறது, அதன் சுமையும் குறைகிறது. கூம்பு கூம்பாக நிற்கும் அந்தக் கயிறுகளின் அழகு இந்தக் கோணத்திலிருந்து வந்தது. மார்ச் மாதம் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார்கள்.

தோட்டத்தை விட்டு இறங்கி, இஷிகாவா வாசலைப் பார்த்தபடி நடந்தால் அசானோ ஆறு வரும். காகா யூசென் என்கிற, கையால் படம் வரைந்து சாயமேற்றிய இந்தப் பகுதிப் பட்டுத்துணிகளை ஒரு காலத்தில் இந்த ஆற்றில்தான் அலசினார்கள். இப்போது பெரும்பாலும் பட்டறைக்குள்ளேயே செயற்கை ஓடைகளில் அலசுகிறார்கள். படத்தை முதலில் ஒருவகை நீலப் பூவின் சாற்றால் வரைவார்கள். அந்த நீலம் தண்ணீர் பட்டதும் சுவடில்லாமல் போய்விடும். அதன்மேல் ஒட்டரிசி மாவுப் பசையை மெல்லிய கோடாகப் பிழிந்து, சாயம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் பரவாமல் அணை கட்டுவார்கள். ஒட்டரிசியின் மாவுச்சத்து ஏறக்குறைய முழுவதும் கிளைவிட்ட மூலக்கூறுகள். அதனால் பசை இறுகி உதிராமல் இழுபட்டுக் கோடாக நிற்கிறது. பிறகு நீராவியில் வேகவைத்தால் பட்டு இழைகள் உப்பி, சாயம் உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஓடும் தண்ணீரில் பசை கரைந்ததும் வெள்ளைக் கோடுகள் தெரியும். பூச்சி அரித்த இலையைப் பூச்சி அரித்தபடியே வரைவது காகா கலைஞர்களின் வழக்கம்.

ஆற்றைத் தாண்டினால் ஹிகாஷி சாயா. மரச்சட்ட ஜன்னல்கள் வைத்த பழைய வீடுகளில் இன்று தங்க ரேக்குக் கடைகள் நிறைந்திருக்கின்றன. ஜப்பானில் செய்யப்படும் தங்க ரேக்கில் ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரே ஊரிலிருந்து வருகிறது.

ரேக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அணுக்களை அடுக்கிப் பார்த்தால் நானூறு, ஐந்நூறு அடுக்குத்தான். ஒரு சவரன் தங்கத்தை, அதாவது 8 கிராமை, இந்தக் கனத்துக்கு அடித்தால் சுமார் 44 சதுர அடி பரவும். பெரும்பாலான மற்ற உலோகங்களை இப்படி அடித்தால் வழியிலேயே விரிசல் விடும். தங்கத்தின் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று பல திசைகளில் வழுக்கக்கூடியவை. எங்கே நகர்ந்தாலும் பிணைப்பு அறுந்துவிடுவதில்லை. காற்றில் துருப்படலமும் படியாது. சிறிதளவு வெள்ளியும் செம்பும் கலப்பது நிறத்துக்கும் உறுதிக்கும்.

தங்கத்தை நேரடியாக யாரும் சுத்தியலால் அடிப்பதில்லை. உருளைகளுக்கு நடுவில் தகடாக்கி, காகிதங்களுக்கு இடையில் வைத்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு முதலில் மெலிக்கிறார்கள். பிறகு துண்டுகளாக வெட்டி, ஒரு காகிதம் ஒரு துண்டு என்று நூற்றுக்கணக்கில் அடுக்கி, கட்டாக்கி எந்திரச் சுத்தியலின் கீழே வைக்கிறார்கள். அடிக்க அடிக்கக் கட்டு சூடாகும். ஆறவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும். சுத்தியலின் அடியைச் சீராகப் பரப்பி, தங்கம் ஒட்டாமல் நாலாபக்கமும் வழுக்கி விரிய இடம் கொடுப்பது அந்தக் காகிதம். அதனால் என்ட்சுகே எனப்படும் பழைய முறையில், காகிதத்தைத் தயார்செய்வதுதான் கைவினைஞரின் முதல் திறமை. வைக்கோல் சாம்பல் கரைத்த காரநீர், காக்கி (பெர்சிமன்) என்ற துவர்ப்புக் கனியின் சாறு, முட்டை ஆகியவற்றில் கையால் செய்த வாஷி தாளை நனைத்து, பிழிந்து, காயவைத்து, தங்கம் இல்லாமலே பலமுறை அடித்து மழமழப்பாக்குகிறார்கள். இதற்கே மாதக்கணக்கில் ஆகும். பிற்காலத்தில் வந்த கார்பன் பூசிய கண்ணாடித்தாள் முறை மலிவு, வேகம். ஆனாலும் பழைய முறையை இன்னும் கைவிடவில்லை. மரக் கட்டடங்களைப் பேணும் ஜப்பானிய மரபுத் திறன்களில் ஒன்றாக 2020-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது இடம்பெற்றது. உழைத்துத் தேய்ந்த அந்தத் தாள்கள் முகத்தில் எண்ணெய் ஒற்றி எடுக்கப் பயன்பட்டன. இந்தத் தேநீர் விடுதிகளின் கலைஞர்களுக்கு அவை மிகவும் பிடித்தவை.

இந்த ஊரின் காற்று கைகொடுப்பதும் இங்கேதான். 109 மில்லிமீட்டர் சதுர ரேக்கு ஒன்றின் எடை சுமார் 23 மில்லிகிராம். காகிதங்கள் உரசும்போது பிறக்கும் சின்ன நிலைமின்னூட்டம்கூட அதை எழுப்பிச் சுருட்டிவிடும். காற்றில் ஈரம் இருந்தால் எல்லாப் பரப்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து, மின்னூட்டம் சேரவிடாமல் கசியவிடும். பைன் கிளையை ஒடிக்கிற அதே ஈரம் இங்கே ரேக்கைப் படுக்கவைக்கிறது. மூங்கில் குச்சியால் ஒரு ரேக்கைத் தோல் போர்த்திய பலகையில் இறக்கி, வாயால் மெல்ல ஊதிச் சுருக்கம் எடுத்து, மூங்கில் சட்டத்தால் ஒரே அழுத்தில் சதுரமாக நறுக்குவதைப் பட்டறையில் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

முடிந்தால் ஒரு ரேக்கை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். மஞ்சள் மறைந்து, பின்னாலிருந்து நீலம் கலந்த பச்சை வெளிச்சம் வரும். தங்கம் சிவப்பையும் மஞ்சளையும் திருப்பி அனுப்புகிறது, ஊதாவையும் நீலத்தின் பெரும்பகுதியையும் விழுங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ளது, இவ்வளவு மெல்லிய படலத்தில் கசிந்து மறுபக்கம் வந்துவிடுகிறது. மைக்கேல் ஃபாரடே 1857-ல் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

வெளிச்சம் கசிவது வேடிக்கை பார்க்க மட்டும் உதவுகிற விஷயமல்ல. கியோட்டோவின் பொன் மண்டபமான கின்காகு 1950-ல் எரிந்து, 1955-ல் திரும்ப எழுந்தது. அப்போது ஒட்டிய வழக்கமான ரேக்கு சில ஆண்டுகளிலேயே உரியத் தொடங்கியது. தங்கம் கெடவில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் அந்த மெல்லிய தங்கத்தை ஊடுருவி, அடியில் இருந்த அரக்குப் பூச்சைச் சிதைத்துவிட்டது. 1986–87-ல் நடந்த திருப்பணியில் ஐந்து மடங்கு கனமான ரேக்கை ஒட்டினார்கள். மொத்தம் சுமார் 2 லட்சம் ரேக்குகள், 20 கிலோ தங்கம். இவ்வளவு காலம் மெலிக்கவே பழகிய கைகள், அந்த வேலைக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்த்து அடிக்க வேண்டியிருந்தது.