வயலுக்குள் வந்த மிஷினும் காணாமல் போன இரண்டு நாளும்

ஆட்டோமேஷனால் வேலை போகுமா என்று பேச ஆரம்பித்தாலே ஐ.டி. கம்பெனிக்கும் சாட்ஜிபிடிக்கும் போய்விடுகிறோம். அங்கே இன்னும் எதுவும் நடந்து முடியவில்லை, அதனால் யார் என்ன சொன்னாலும் அதில் பாதி ஊகம். ஆனால் ஒரே தலைமுறைக்குள், நம் கண் முன்னாலேயே, ஒரு பெரிய வேலை கையிலிருந்து மிஷினுக்கு மாறியிருக்கிறது. காவிரி டெல்டாவின் நெல் அறுவடையைத்தான் சொல்கிறேன். அந்த மிஷின் எப்படி வேலை செய்கிறது, எதை எடுத்துக்கொண்டது, எதை அப்படியே வயலில் விட்டுவிட்டுப் போனது என்று பார்த்தால் அடுத்து வரப்போகும் மிஷின்களிடம் என்ன கேட்கணும் என்பது தெரியும்.

முதலில் பழைய முறை. கருக்கரிவாளால் அறுத்த பயிரை வயலிலேயே அரி அரியாக, அதாவது கைப்பிடி கைப்பிடியாக, போட்டு வைப்பார்கள். ஒரு நாள், இரண்டு நாள் வெயிலில் காயும். அப்புறம் கட்டுக் கட்டித் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுபோய் அடித்து, அடித்த தாளை மறுபடி போரடித்து, காற்று பார்த்துத் தூற்றி, பதரையும் கருக்காயையும் ஒதுக்கி, மரக்காலால் அளப்பார்கள். ஒரு ஏக்கருக்கு இதெல்லாம் சேர்த்துப் பதினைந்து இருபது ஆள் வேலை. இடுப்பை ஒடிக்கிற வேலை, அதில் பெரும்பகுதியைச் செய்தது பெண்கள்.

இதையெல்லாம் ஓடிக்கொண்டே ஒரே மூச்சில் செய்வதுதான் அறுவடை மிஷின். முன்னால் சுழல்கிற ரீல் பயிரைக் கத்தியின் பக்கம் சாய்த்துக் கொடுக்கும். கத்தி என்பது ஒற்றை வாள் இல்லை, வரிசையாகப் பதித்த முக்கோணப் பற்கள், சலூன் கடையில் முடி வெட்டும் மெஷின் மாதிரி இடமும் வலமுமாக வேகமாக அசையும். அறுந்த பயிரைத் திருகு போன்ற ஒரு நீள உருளை நடுப்பக்கம் தள்ள, அங்கிருந்து சங்கிலிப் பட்டை அதை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். உள்ளேதான் முக்கியமான இடம். இரும்பு முளைகள் பதித்த ஒரு டிரம் சுழல்கிறது, அதன் அடியில் வளைந்த கம்பிச் சல்லடை, இரண்டுக்கும் நடுவில் சிறிய இடைவெளி. கதிர் அந்த இடைவெளியில் அடிபட்டு உதிர, நெல்மணி சல்லடை வழியாகக் கீழே விழும், தாள் பின்பக்கம் தள்ளப்படும். விழுகிற நெல்லின் மேல் விசிறி காற்றை அடிக்கும். பதர் லேசானது, பறந்துவிடும், முற்றிய நெல் கனமானது, நேரே கீழே இறங்கும். முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காற்றில் சரித்த பெண்கள் பயன்படுத்திய அதே இயற்பியல்தான் இது. ஒரே வித்தியாசம், காற்று வீசட்டும் என்று மிஷின் காத்திருக்காது.

டிரம்மின் வேகத்தில்தான் சூட்சுமம். வேகம் கூடினால் நெல் உடையும், குறைந்தால் மணி கதிரிலேயே தங்கித் தாளோடு வெளியே போய்விடும். பயிர் ஈரமாக இருக்கும் காலையில் ஒரு வேகம், வெயில் ஏறிய பிறகு வேறு வேகம். நல்ல டிரைவர் பின்னால் விழும் தாளைக் கையில் எடுத்து நெல் தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றிக்கொள்வார். அறுவடைத் திறமை முழுவதும் மிஷினுக்குள் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கொஞ்சம் டிரைவரின் கைக்கு இடம் மாறியிருக்கிறது.

டெல்டாவில் பெல்ட் வண்டிக்கு, அதாவது சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் அறுவடை மிஷினுக்கு, இருக்கும் மவுசுக்கும் எளிய கணக்கு உண்டு. வண்டி சுமார் மூன்று டன். தரையைத் தொடும் இரண்டு ரப்பர் பெல்ட்டின் பரப்பும் சேர்த்து ஏறக்குறைய 1.7 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 180 கிராம் போல வரும். சேற்றில் நாம் ஒற்றைக் காலை ஊன்றி நடக்கும்போது தரும் அழுத்தம் இதைவிட அதிகம். ஆள் இறங்கினால் கால் புதைகிற வயலில் மூன்று டன் இரும்பு ஓடுவது இதனால்தான். தரை நன்றாக இருந்தால் ஒரு ஏக்கரை ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே, முடித்துவிடும். மழையில் பயிர் சாய்ந்து படுத்துவிட்டால் நேரம் கூடும், வாடகையும் கூடும்.

சரி, இதுவரை எல்லாம் லாபம். இப்போது அந்த அரியைத் திரும்பிப் பாருங்கள். வயலில் கிடந்த அந்த ஓரிரு நாளை யாரும் ஒரு வேலையாகக் கணக்கு வைத்ததில்லை. யாரும் அதற்குக் கூலி கொடுக்கவில்லை, வெயில் செய்த வேலை. மிஷின் அறுத்த கையோடு அடித்துவிடுகிறது, அதனால் அந்த நாட்கள் காணாமல் போய்விட்டன. நெல் 20 முதல் 25 சதவீதம் ஈரத்தோடு நேராக டிராக்டர் பெட்டியில் கொட்டுகிறது. ஆனால் நேரடி கொள்முதல் நிலையத்தின் வழக்கமான ஈர வரம்பு 17 சதவீதம்.

இந்த இடைவெளியைக் கிலோவில் பார்க்கலாம். ஏக்கருக்கு 2,400 கிலோ நெல், ஈரம் 22 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 17-க்குக் கொண்டுவர 145 கிலோ தண்ணீரை வெளியேற்றணும். பழைய முறையில் பயிராகக் கிடக்கும்போதே கணிசமான தண்ணீர் போய்விட்டிருக்கும். இப்போது ஊர் முழுக்க ஒரே வாரத்தில் அறுவடை முடிந்து, எல்லா நெல்லும் ஈரத்தோடு ஒரே வாசலில் வந்து நிற்கிறது. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிற ஆண்டுகளில் தார் ரோட்டில் கொட்டிக் கிளறிவிட்டு, மேகத்தைப் பார்த்துத் தார்ப்பாய் போட்டு மூடி, நெல் முளைத்துவிட்டதே என்று தலையில் கைவைத்து நிற்கும் விவசாயியைச் செய்தியில் பார்க்கிறோம். பிறகு மத்தியக் குழு வந்து ஈரப்பதத்தை அளந்து, சில ஆண்டுகளில் வரம்பைத் தளர்த்திவிட்டுப் போகிறது. மழையைத் திட்டுகிறோம், கொள்முதல் நிலையத்தைத் திட்டுகிறோம், இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் மிஷின் வாடகை மானியத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, காணாமல் போன அந்த இரண்டு நாளை எதைக் கொண்டு நிரப்புவது என்று நாம் பேசவே இல்லை.

சூடான காற்றை ஊதினால் போதுமே என்று தோன்றும். நெல் அப்படி வேகமாகக் காயாது. வெளித்தோலுக்கு அருகே இருக்கும் ஈரம் சட்டென்று போகும், நடுவில் இருக்கும் ஈரம் மெதுவாகத்தான் வெளியே நகரும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் வெளிப்பகுதி சுருங்கி, உள்ளே ஈரமாகவே இருந்து, மணிக்குள் மயிரிழை வெடிப்பு விழும். வெளியில் தெரியாது, அரைவை மில்லில் குருணையாகக் கொட்டும்போதுதான் தெரியும். அதனால் நல்ல உலர்த்தும் இயந்திரம் 40 டிகிரிக்குச் சற்று மேலான காற்றை நெல்லின் மேல் கொஞ்ச நேரம் செலுத்தி, பிறகு அதே நெல்லை மேலே ஏற்றி ஓய்வாக வைத்து, உள்ளிருக்கும் ஈரம் வெளிப்பக்கம் வந்து பரவியதும் மறுபடி காற்றில் இறக்குகிறது. இந்தச் சுற்று திரும்பத் திரும்ப நடக்கும். அறுப்பதற்கு ஒரு மணி நேரம், உலர்த்துவதற்குப் பல மணி நேரம். ஒரு கட்டத்தை மட்டும் இருபது மடங்கு வேகமாக்கிவிட்டு அடுத்த கட்டத்தை அப்படியே விட்டால் நெரிசல் அங்கே போய் நிற்கும். தொழிற்சாலையிலும் இதுதான், ஆபீஸிலும் இதுதான். ஆயிரம் விண்ணப்பங்களை நிமிடத்தில் படிக்கும் மென்பொருளை வாங்கி வைத்தாலும், முடிவெடுத்துக் கையெழுத்துப் போட ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் கோப்பு அவர் மேஜையில்தான் குவியும்.

காணாமல் போனது ஈரம் உலரும் நாட்கள் மட்டுமில்லை. அறுவடைக் கூலி பெரும்பாலும் நெல்லாகவே கொடுக்கப்பட்டது. நிலமில்லாத குடும்பத்துக்கு அதுதான் சில மாதச் சோறு. இன்னொன்று, பயிர் முற்றி நிற்கும் அந்தச் சில நாட்களில்தான் கூலிக்காரரின் சொல்லுக்கு எடை இருந்தது, ஏனென்றால் அவர் கை இல்லாமல் நெல் வீடு வராது. அந்த எடை எவ்வளவு பெரியது என்பதற்குக் கீழ்வெண்மணி சாட்சி. கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்ட காலத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அறுவடையில் யாருடைய கை இருக்கிறது என்பது டெல்டாவில் ஒருபோதும் வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருந்ததில்லை.

இங்கிலாந்திலும் இதே கதை 1830-ல் நடந்தது. ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மீக்கிள் 1786 வாக்கில் உருவாக்கிய கதிரடிக்கும் இயந்திரம் பண்ணைகளில் பரவியபோது, குளிர்காலம் முழுக்கக் கையால் கதிரடித்துப் பிழைத்த தொழிலாளர்களுக்கு அந்த மாதங்களில் வேறு வேலையே இல்லாமல் போனது. கென்ட் பகுதியில் தொடங்கி ஊர் ஊராக இயந்திரங்களை உடைத்தார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஏறக்குறைய 500 பேர் ஆஸ்திரேலியா பக்கம் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களை இயந்திர விரோதிகள் என்று ஒரு வரியில் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. பனிக்காலச் சோற்றைத்தான் அவர்கள் கேட்டார்கள்.

டெல்டாவில் மிஷின் வந்தபோது அப்படி ஊர் ஊராக யாரும் உடைக்கவில்லை. திருப்பூருக்கும் சென்னைக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார்கள், அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயியும் தவித்தார், 2006-ல் தொடங்கிய நூறு நாள் வேலை ஊரில் தங்கியவர்களுக்குக் கொஞ்சம் தாங்கலாக இருந்தது. குனிந்து அறுக்கும் வேலை திரும்பி வரணும் என்று யாரும் ஆசைப்படவில்லை, நானும் ஆசைப்படவில்லை. ஆனால் மிஷினின் விலை இருபது லட்சத்துக்கு மேல். வாங்கியவர் பெரும்பாலும் வெளி மாவட்டத்துக்காரர், வண்டி ஊர் ஊராகப் போய்க் கடனை அடைக்கணும், ஓட்டுகிறவர் ஆண். ஏக்கருக்கு இருபது பேர் கையில் நெல்லாகப் பிரிந்த தொகை இப்போது மணிக்கணக்கு வாடகையாக ஊரை விட்டு வெளியே போகிறது. உள்ளூர்ப் பெண்களிடம் நடவும் களையும் மிச்சம் இருந்தன. இப்போது நடவுக்கும் பல இடங்களில் வட மாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள்.

வைக்கோலையும் சொல்லிவிடுகிறேன். மிஷின் தாளை அடித்து நொறுக்கி வயலில் இறைத்துவிடும். மாட்டுக்குப் போர் போட்டு வைத்த வீடுகள் இப்போது உருளையாகக் கட்டும் இன்னொரு மிஷினுக்கு வாடகை கொடுத்து அதைச் சேர்க்கிறார்கள். பஞ்சாபில் இது பெரிய வினையாக முடிந்தது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-ல் வந்த சட்டம் நடவைத் தள்ளிப்போட, நெல்லுக்கும் அடுத்த கோதுமைக்கும் நடுவே சில வாரம்தான் மிஞ்சியது. மிஷின் விட்டுச் சென்ற உயரமான தாளை அதற்குள் அகற்ற நெருப்பு வைப்பதுதான் மலிவு. அந்தப் புகையில் டெல்லி மூச்சுத் திணறுகிறது.

அடுத்து வரப்போவது களையெடுக்கும் கேமரா. 2017-ல் ஜான் டியர் நிறுவனம் புளூ ரிவர் என்ற கம்பெனியை வாங்கியது இதற்காகத்தான். வண்டி ஓடும்போதே கேமரா ஒவ்வொரு செடியையும் படம் எடுக்க, கணினி பயிரா களையா என்று முடிவு செய்ய, களை மேல் மட்டும் மருந்து விழும். பருத்தி, மக்காச்சோளம் மாதிரி வரிசைப் பயிரில் இது நடக்கிறது. நெல் வயலில் அவ்வளவு சுலபமில்லை, காரணம் குதிரைவாலிப் புல். இளம் பருவத்தில் அது அச்சு அசலாக நெல் மாதிரியே இருக்கும். எதேச்சையாக வந்த ஒற்றுமை இல்லை இது. நெல் மாதிரி தெரியாத புல்லையெல்லாம் மனிதக் கை பிடுங்கிப் போட, நெல்லைப் போலத் தெரிந்தவை மட்டும் தப்பி விதை விட்டன. யாங்சே ஆற்றுப் பகுதிப் புல்லின் மரபணுக்களை வைத்து 2019-ல் வெளியான ஆய்வு, இந்த வேஷம் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியது என்கிறது. களையெடுக்கும் பெண்களின் கண்தான் அந்தச் செடியை இப்படி வளர்த்தது!

அந்தக் கண்ணே அதைக் கண்டும்பிடிக்கிறது. நெல்லில் இலை தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும், குதிரைவாலிப் புல்லில் இருக்காது. அனுபவமுள்ள பெண் சேற்றில் குனிந்தபடி ஒரு நொடியில் பிரித்துவிடுவார். கணினிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆயிரக்கணக்கான படங்களில் இது நெல், இது புல் என்று யாராவது குறித்துத் தரணும். அந்த அறிவு யாரிடம் இருக்கிறதோ அவருக்குக் குறிக்கும் வேலையும், அதற்கான பணமும் போகணும் என்பது என் கட்சி.

இது நடக்க முடியாத ஆசை இல்லை. 2023-ல் மத்திய அரசு அறிவித்த ட்ரோன் சகோதரி திட்டத்தில் 15,000 பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் கொடுக்க, விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் என்று வைத்தார்கள். மிஷின் யாருக்குச் சொந்தம் என்பதை முதலிலேயே முடிவு செய்யலாம் என்பதற்கு இது உதாரணம். இதையே உலர்த்தும் இயந்திரத்துக்குச் செய்யணும். கொள்முதல் நிலையம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு இயந்திரம், அந்த ஊர்ப் பெண்கள் குழுவின் பேரில், மூட்டைக்கு இவ்வளவு என்று கட்டணம் அவர்களே வாங்கும்படி. நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். காற்றின் சூட்டையும் சுற்றின் நேரத்தையும் பழகிக்கொள்ள ஒரு குறுவை போதும்.