பளிச்சீட்டு நினைவகம்

பழைய போனைக் கடையில் கொடுத்து மாற்றப் போன நண்பர், "கேலரியில் இருந்த ஆதார், பாஸ்புக் படமெல்லாம் டெலீட் பண்ணிட்டேன்" என்று நிம்மதியாகச் சொன்னார். 'பிளாஷ் மெமரி' என்ற சொல்லை விளக்க இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

போன், மெமரி கார்டு, பென் டிரைவ் எல்லாவற்றின் வயிற்றிலும் இருப்பது இதுதான். மின்சாரம் போனாலும் எழுதியது போகாது. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980 வாக்கில் உருவாக்கி, 1984இல் வெளியே அறிவித்தார். பெயர் வைத்தது அவருடன் வேலை பார்த்த ஷோஜி அரியிசுமி என்பார்கள். உள்ளே இருந்த தகவல் ஒரே மூச்சில் அழிவது அவருக்குக் கேமரா பிளாஷை நினைவுபடுத்தியதாம். அழிப்பதால் வந்த பெயர் இது. வேகம் என்று எண்ணி 'விரைவு நினைவகம்' என எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

பளிச்சீட்டு நினைவகம் என்பதே எனக்குப் பிடித்த சொல். பளிச்சிடு என்ற வினையிலிருந்து பளிச்சீடு. வீடு 'வீட்டு' ஆவதுபோல அது 'பளிச்சீட்டு' ஆகிறது. கேமரா பிளாஷ் மின்னும் காட்சி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, ஒரே மூச்சில் அழியுமென்றால் நண்பரின் படங்களும் போயிருக்குமே? அதுதான் இல்லை. சிலேட்டில் ஓர் எழுத்தை மட்டும் எச்சில் தொட்டு அழிக்கலாம். இங்கே அது நடக்காது. தகவல் 'பக்கம்' எனும் சிறு துண்டுகளாக எழுதப்படுகிறது, அழிப்பதென்றால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு தொகுதியையே கழுவ வேண்டும். கழுவக் கழுவச் சிலேட்டும் தேயும், பெரும்பாலான சில்லுகள் சில ஆயிரம் முறைதான் தாங்கும். அதனால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு கழுவுவதைத் தள்ளிப்போடுகிறது. டெலீட் என்றால் பக்கத்தின் மேல் 'செல்லாது' என்று குறித்துவிட்டுப் போய்விடும். மேலே வேறெதையாவது எழுதி மறைக்கலாம் என்று பார்த்தால், புது எழுத்து வேறு பக்கத்தில் போய் உட்காரும். 2011இல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வன்தட்டுக்கென்று (ஹார்ட் டிஸ்க்) இருந்த கோப்பழிப்பு முறைகளை, பளிச்சீட்டு நினைவகத்தால் ஆன எஸ்எஸ்டியில் சோதித்தார்கள். ஒரு கோப்பை மட்டும் நம்பகமாக அழிக்க ஒன்றாலும் முடியவில்லை.

அழிக்க முடியாததை முதலிலிருந்தே பூட்டித்தான் வைக்க வேண்டும். அதற்குச் சொல் மறைகுறியாக்கம் (என்கிரிப்ஷன்). சிலர் சுருக்கமாகக் 'குறியாக்கம்' என்கிறார்கள், தவறு. 'அ' என்ற எழுத்தை எண்ணாக மாற்றுவது குறியாக்கம், யாரும் திரும்பப் படிக்கலாம். சாவி இருப்பவர் மட்டும் படிக்க முடிந்தால்தான் மறைகுறியாக்கம். ஐபோனில் 2009இல் 3ஜிஎஸ் மாடலோடு இதற்கான வன்பொருள் வந்தது. 2015இல் ஆண்ட்ராய்டு 6, போதிய வேகமுள்ள புதிய போன்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இத்தகைய போனில் ஃபேக்டரி ரீசெட் செய்தால் சாவி அழிந்துவிடும். தகவல் கிடந்தாலும் வெறும் கிறுக்கல்தான். (அந்தச் சாவியைக் காப்பது உங்கள் பின் எண். 1234 என்று வைத்திருப்பவர்களிடம் என்ன சொல்ல!)

நண்பரின் போன் நாலு வருடப் பழசுதான், ரீசெட் போதும். ஆனால் பாஸ்புக் படம் சேமிக்கப்பட்டிருந்தது மெமரி கார்டில். கார்டுக்குள் பெரும்பாலும் எதுவும் பூட்டப்படுவதில்லை. போனை மட்டும் கொடுத்துவிட்டுக் கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.