‘மாட்’ என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்லலாம்?

காரைக்குடியில் வீடியோ கேம் பிடித்த கல்லூரிப் பையன்களிடம் கொஞ்ச நேரம் பேசினாலே ‘மாட்’ என்ற சொல் வந்துவிடும். ‘கேமுக்கு மாட் போட்டிருக்கேன்’, ‘கன்ட்ரோலரை மாட் பண்ணிட்டேன்’, ‘இது மாட் பண்ண பீஸ்’. முதல் பேச்சில் அது ஒரு மென்பொருள் துண்டு. இரண்டாவதில் ஒரு செயல். மூன்றாவதில் அந்தச் செயலால் மாறிப்போன பொருள். சொல்லைத் தமிழாக்க நினைப்பவர் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொருளை இப்படிச் சொல்லலாம்: ஒருவர் செய்து முடித்து வெளியே விட்ட பொருளை வேறொருவர் திறந்து, தன் தேவைக்கோ ஆசைக்கோ ஏற்றபடி உள்ளே கைவைத்து, அதையே தொடர்ந்து புழங்குவது. தேய்ந்துபோன பட்டனுக்குப் பதில் அதே மாதிரிப் பட்டன் போட்டால் அது ரிப்பேர். எல்லாவற்றையும் புதிதாகச் செய்தால் அது தயாரிப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் மாட்.

ஆங்கிலத்தில் இது ‘மாடிஃபிகேஷன்’ என்பதன் சுருக்கம். அதன் வேர் இலத்தீன் ‘மோடுஸ்’. அளவு, முறை, பாங்கு என்று பொருள். ‘செய்’ என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையோடு சேர்ந்து ‘அளவுக்குள் கொண்டுவா’ என்று ஆகி, பிறகு ‘ஓரளவு மாற்று’ என்று விரிந்தது. அந்த வேரின் குடும்பம் பெரியது. மோட், மாடல், மாடர்ன், மாடுலேஷன், மாடரேட்டர் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்பவர்கள் கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சு ஒன்றை வைத்து, அதன் கட்டங்களுக்குள் வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றுகிறார்கள் இல்லையா? அந்த அச்சுக்கான ‘மோல்டு’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே ‘மோடுஸ்’ வழியில் வந்ததுதான்.

தமிழ் ‘மட்டு’ என்பதற்கும் அளவு, எல்லை என்ற பொருள் உண்டு. ஒலியும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கிறது. அதற்காக இரண்டையும் உறவாக்கிவிடக் கூடாது, ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்று ஆகாது. ஆனாலும் நம் கலைச்சொல்லாளர்கள் அந்த ஒற்றுமையை அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிளஸ் டூ கணக்கில் கலப்பெண்ணின் ‘மாடுலஸ்’ என்பது மட்டு மதிப்பு. இணையக் குழுக்களை மேற்பார்க்கும் மாடரேட்டர் மட்டுறுத்துநர். மாடரேட்டரையும் ஆங்கிலத்தில் ‘மாட்’ என்றே சுருக்குவதால், எந்த மாட் என்பதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கேம் உலகில் மாட் முதலில் மென்பொருளில்தான் பேர் வாங்கியது. 1981-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த ‘காஸில் வுல்ஃபென்ஸ்டைன்’ விளையாட்டில் இருந்த நாஜிப் படைவீரர்களை எடுத்துவிட்டு, நீல நிற ஸ்மர்ஃப் கார்ட்டூன் பொம்மைகளை வைத்து 1983-இல் சிலர் வெளியிட்டார்கள். ஆரம்பகால மாட்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். 1993-இல் வந்த ‘டூம்’ நிலைமையையே மாற்றியது. படம், ஒலி, வரைபடம் எல்லாவற்றையும் ‘வாட்’ என்ற தனிக் கோப்பில் வைத்ததால், விளையாட்டை ஓட்டும் அடிப்படை நிரலைத் தொடாமலே உள்ளே இருப்பதை மாற்ற முடிந்தது. 1997-இல் அதன் மூலநிரலையும் வெளியிட்டார்கள். 1999-இல் ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டுக்கு மாட் ஆகத் தொடங்கிய ‘கவுன்டர் ஸ்டிரைக்’ அடுத்த ஆண்டே கடைக்கு வந்த தனி விளையாட்டாகிவிட்டது.

கருவிகளில் நடக்கும் மாட் எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் அங்கே கை தெரியும். 1989-இல் வந்த நின்டெண்டோவின் கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட திரை, நான்கே சாயல், பின்வெளிச்சம் கிடையாது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். அதற்கு வெளிச்சம் போடுகிறவர்கள் முதலில் தலையில் மூன்று இதழ் வெட்டுள்ள திருகாணிகளைக் கழற்றித் திரையை வெளியே எடுப்பார்கள். திரையின் முதுகில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று பசையோடு ஒட்டியிருக்கும். கண்ணாடி கீறாமல், ஓரத்து ரிப்பன் வயர் அசையாமல் அதை மெதுவாக உரிக்க வேண்டும். வேலையில் பாதி இதுதான். பசையைத் துடைத்துவிட்டு, ஒரே திசை ஒளியை மட்டும் விடும் புது முனைவாக்கித் தாளையும் மெல்லிய எல்இடி பலகையையும் செருகுவார்கள். இதோடு விட்டால் படம் வெளிறித் தெரியும். அதனால் படத்தகவல் வரும் இரண்டு கம்பிகளிலும் இடையில், வந்ததைத் தலைகீழாக்கும் 7404 வகைச் சில்லு ஒன்றை வைத்துக் கறுப்பை வெளுப்பாகத் திருப்பி, தாளையும் 90 பாகை திருப்பி வைப்பார்கள். இரண்டு முறை திரும்பியதால் படம் பழையபடியே இருக்கும், கறுப்பு மட்டும் நன்றாக ஆழ்ந்துவிடும். எத்தனை அருமையான யோசனை!

காரைக்குடியிலும் இப்படி ஒன்று பார்த்தேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண், நிலை, எனாமல் தூக்குகளுக்கு நடுவே ஓடாத வால்வ் ரேடியோவும் சில சமயம் கிடைக்கும். ஒரு பாலிடெக்னிக் மாணவர் அப்படி ஒரு ரேடியோவை வாங்கி உள்ளே ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகையை வைத்தார். ஊர்ப் பெயர்கள் அச்சிட்ட கண்ணாடி அப்படியே இருக்கிறது, பின்னால் ஒரு சின்ன எல்இடி. ஸ்டேஷன் திருப்பும் குமிழுக்குப் பின்னால், சுழற்சியை எண்ணிச் சொல்லும் என்கோடரைப் பொருத்தியிருக்கிறார். அதில் ஓடுவது 1972-இல் அட்டாரி வெளியிட்ட ‘பாங்’ விளையாட்டு, அதைக் குமிழைத் திருப்பித்தான் ஆட வேண்டும். ஆக, ரேடியோக் குமிழ் அதற்கென்றே செய்ததுபோல உட்கார்ந்துவிட்டது. ராஸ்பெரி பையின் கம்பிமுனைகள் 3.3 வோல்ட்தான் தாங்கும், 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் பலகை போய்விடும் என்பதால் ஒவ்வொரு வயரையும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே இணைத்தார்.

மர வேலைக்குப் போன இடத்தில் ஆசாரி கேட்டார்: “ஏன் தம்பி, முன்பலகையில ஓட்டை போட்டுட்டா இது மறுபடி ரேடியோவா ஆகாதே?”

“ஓட்டை வேணாம்ணே. பட்டனுக்குத் தனிப் பலகை பண்ணி, அடியில செருகிக்கிற மாதிரி குடுங்க. வேணாம்னா உருவிடலாம்.”

இந்தச் சின்னப் பேச்சுக்குள் மாட் செய்பவர்களின் பெரிய விவாதமே அடங்கியிருக்கிறது. உறையை வெட்டாமல் செய்வதை அவர்கள் ‘நோ கட்’ என்று தனியாகவே பிரித்துச் சொல்வார்கள், அதற்கு மதிப்பும் அதிகம். முதலில் செய்தவரின் வேலையை அழிக்காமல் தன் வேலையைச் சேர்ப்பது அது. என் கணக்கில் நல்ல மாட் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். தெருவில் ஏற்கெனவே ஒரு சொல் ஓடுகிறது: ‘ஆல்டர்’. ‘வண்டியை ஆல்டர் பண்ணிருக்கான்’ என்கிறோம். பேன்ட்டைக் குட்டையாக்கத் தையல்காரரிடம் கொடுத்தால் அது ‘ஆல்ட்ரேஷன்’. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இதே சொல்லைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறது. ‘ஆல்டர்’ என்றால் இலத்தீனில் ‘மற்றொன்று’, அதாவது வேறொன்றாக ஆக்குவது. புழக்கத்தில் இருக்கும் சொல்தான், ஆனால் தமிழ்ச்சொல் இல்லை.

அகராதிகள் தருவதில் முதலாவது ‘மாற்றம்’. ஏதோ மாறிவிட்டது என்பதை மட்டும் அது சொல்லும், ஒருவர் உட்கார்ந்து மாற்றினார் என்பது அதில் இல்லை. காலம் மாறுவதும் மாற்றம்தானே. அடுத்தது ‘திருத்தம்’. ‘காடு திருத்திக் கழனியாக்கினான்’ என்பதிலும், காய் திருத்துவது என்பதிலும் பயன்பாட்டுக்குத் தக்கதாக ஆக்குவது என்ற பொருள் செழிப்பாக இருக்கிறது. உண்மையில் மாட் என்பதற்கு வெகு அருகில் வரும் பொருள் அது. இன்றைக்கோ திருத்தம் என்றாலே முதலில் பிழை இருந்தது என்று காது கேட்கிறது, வினாத்தாளும் அச்சுப்பிழையும்தான் நினைவுக்கு வருகின்றன. கேம்பாயில் பிழை எதுவும் இல்லை. மனமில்லாமல்தான் இதை விடுகிறேன்.

‘மாற்றமைப்பு’ சுருக்கமாக இருந்தாலும் ‘மாற்று அமைப்பு’ என்று பிரிந்து, இன்னோர் அமைப்பு என்ற பொருளைத் தந்துவிடும். என் தேர்வு ‘மாற்றியமைப்பு’. அதில் ‘மாற்றி’ இருப்பதால் செய்தவரின் கை தெரிகிறது. ‘அமைப்பு’ இருப்பதால் பொருள் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கிறது என்பதும் வந்துவிடுகிறது. செயலுக்கு மாற்றியமை, ஆளுக்கு மாற்றியமைப்பாளர், பொருளுக்கு மாற்றியமைத்த கேம்பாய் என்று எல்லா வடிவத்துக்கும் வளைந்துகொடுக்கிறது. கொஞ்சம் நீளம்தான். பேச்சில் ‘மாத்திப் பண்ணுனது’ என்றாலே போதும்.

எழுதும்போது இன்னொன்று. விளையாட்டின் ‘மோட்’ என்பது வேறு, அதற்குப் பாங்கு அல்லது நிலை என்று எழுதலாம். மாட், மோட் இரண்டையும் ‘மோட்’ என்றே எழுதுவதால்தான் பாதிக் குழப்பம்.

எதற்கு இந்தச் சொல் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020-இல் கர்ப்பம் பார்க்கும் கருவியில் டூம் ஓடியதாகப் பெரிய பேச்சு எழுந்தது. உள்ளே திரையும் சில்லும் புதிதாக வைத்தவை, பழையது அந்த உறை மட்டும்தான். திறமையான வேலை, ஆனால் மாற்றியமைப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம். வால்வ் ரேடியோவிலும் உள்ளே பழையது அதிகம் இல்லை. அங்கே குமிழும் கண்ணாடியும் பெட்டியும் தங்கள் பழைய வேலையையே புது இடத்தில் செய்கின்றன, அதனால் அதைச் சேர்த்துக்கொள்கிறேன். 1985-இல் வந்த ‘சூப்பர் மாரியோ’ விளையாட்டின் கேள்விக்குறிப் பெட்டியைத் தேக்குத் துண்டுகளில் செய்து, தட்டினால் எரியும் விளக்காக்கி வரவேற்பறையில் தொங்கவிடுகிறார்கள். அது கைவேலை, மாற்றியமைப்பு அல்ல. அந்த விளக்கைப் பழைய கன்ட்ரோலர் ஒன்றின் பட்டனால் எரிய வைத்தால், கன்ட்ரோலர் மட்டும் மாற்றியமைத்தது.