உமிழ்நீர் வற்றிய வாயில் ருசி

என் சித்தப்பா தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை செய்தவர். கொழுந்தின் வாட்டத்தை மூக்காலும் தூளின் தரத்தை நாவாலும் சொல்லிவிடுவார். நாக்கின் ஓரத்தில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கிய மூன்றாவது வார இறுதியில் வீட்டுக்கு வந்திருந்தபோது, சித்தி கொடுத்த தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது என்ன தூள்? மண்ணைக் கரைச்ச மாதிரி இருக்கு" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார். தூள் மாறவில்லை. அடுத்து வந்த நாட்களில் ரொட்டியும் பருப்பும் சம்பலும் அப்படியே திரும்பி வந்தன. சமையலில்தான் குறை என்று அவர் நினைத்தார்; அவருக்குத்தான் எல்லாவற்றிலும் வெறுப்பு வந்துவிட்டது என்று வீட்டார் நினைத்தனர். உண்மையில் அவருடைய வாயில் ஒரே நேரத்தில் இரண்டு வேறு காயங்கள் ஏற்பட்டிருந்தன. சுவையரும்புகளில் ஏற்பட்ட ஒன்று பெரும்பாலும் ஆறிவிடும். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் ஏற்பட்டு வாயை வறளச் செய்யும் மற்றது முழுமையாக ஆறாமலும் போகலாம். இந்த வேறுபாட்டை அன்றே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் பல கண்ணீர்த் துளிகள் மிச்சப்பட்டிருக்கும்.

இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்னிற்கிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த கூட்டு அதன் முக்கிய காரணம். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. குளிருக்கும் களைப்புக்கும் வெற்றிலை போடும் பழக்கம் ஊறிப்போன நம் தோட்டங்களிலிருந்து கண்டிக்கும் மகரகமவுக்கும் சிகிச்சைக்குப் போய் வருபவர்கள் பலர் இருப்பதால், இந்த வறட்சியைப் பற்றி நாம் விளங்கிக்கொள்வது அவசியம்.

ஆரோக்கியமான ஒருவரின் வாயில் ஒரு நாளைக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. காதுக்கு முன்னால் கன்னத்தில் ஒரு சோடி, கீழ்த்தாடைக்கு அடியில் ஒரு சோடி, நாவுக்கு அடியில் ஒரு சோடி என மூன்று சோடிப் பெரிய சுரப்பிகளும், உதட்டின் உட்புறத்திலும் அண்ணத்திலும் பரவிக்கிடக்கும் நூற்றுக்கணக்கான சிறிய சுரப்பிகளும் இதைத் தருகின்றன. நாம் சும்மா இருக்கும்போது வாயை ஈரமாக வைத்திருப்பது பெரும்பாலும் தாடைச் சுரப்பி; சாப்பாட்டை மெல்லத் தொடங்கியதும் நீர்த்தன்மையான உமிழ்நீரைத் தாராளமாகக் கொட்டுவது கன்னச் சுரப்பி. உமிழ்நீரில் 99 சதவீதம் தண்ணீர்தான் என்றாலும், மீதமுள்ள ஒரு சதவீதத்தில் வழுவழுப்பைத் தரும் மியூசின், அமிலத்தைத் தணிக்கும் பைகாபனேற்று, பல்லைப் புதுப்பிக்கும் கல்சியமும் பொஸ்பேற்றும், கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் எல்லாம் அடங்கியிருப்பதால், வெறும் தண்ணீர் குடித்து அந்த இடத்தை நிரப்பிவிட முடிவதில்லை.

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு வழக்கமாக 60 முதல் 70 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரையான கதிர்வீச்சு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாட்களாக ஆறு ஏழு வாரங்களுக்குக் கொடுக்கப்படுகிறது. பொதுவாக வேகமாகப் பிரியும் கலங்களே கதிர்வீச்சுக்கு முதலில் பலியாகும். உமிழ்நீர்ச் சுரப்பியின் கலங்கள் மெதுவாகவே பிரிபவை. ஆனாலும் அவை விதிவிலக்காக மிக விரைவில் பாதிக்கப்படுகின்றன. முதல் வாரத்திலேயே சுரப்பு வெகுவாகக் குறைந்து, எஞ்சியது நூல்போல இழுபடும் தடித்த எச்சிலாகிவிடும். கன்னச் சுரப்பிக்குச் சராசரியாகச் சேரும் அளவு ஏறத்தாழ 26 கிரேக்குக் கீழ் நின்றால் அது மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு வருடங்கள் வரையிலும் மெல்ல மீளும். அதைத் தாண்டினால் மீட்சி குறைவு. கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிச் சுரப்பியைத் தவிர்க்கும் நவீன முறையைப் பழைய முறையுடன் ஒப்பிட்டு 2011 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், ஒரு வருடத்தின் பின் மிதமான அல்லது அதைவிடக் கடுமையான வறட்சி உள்ளவர்கள் பழைய முறையில் 74 சதவீதமாகவும் புதிய முறையில் 38 சதவீதமாகவும் இருந்தனர்.

ருசியின் கதை வேறு. சுவையரும்பிலுள்ள கலங்கள் ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை மாறுபவை. கதிர்வீச்சு அந்தப் புதுப்பித்தலைத் தடுத்துவிடுவதால் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் ருசி மங்கத் தொடங்குகிறது. சிகிச்சை முடிந்து சில வாரங்களில் அரும்புகள் மீண்டும் வளரத் தொடங்கி, பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ருசி கணிசமாகத் திரும்பிவிடும். நாகச்சத்து மாத்திரை இதை விரைவுபடுத்தும் என்ற எதிர்பார்ப்பு, முறையாக நடத்தப்பட்ட பெரிய பரிசோதனையில் மெய்ப்படவில்லை. ஆயினும் அரும்பு மீண்டாலும் உமிழ்நீர் இல்லாவிட்டால் ருசி இல்லை. சுத்தமான துணியால் நாவை நன்றாகத் துடைத்துவிட்டுச் சிறிதளவு சீனியை வைத்துப் பாருங்கள். அது கரையும்வரை மணல்போலத்தான் கிடக்கும். நீரில் கரைந்த பொருள்தான் சுவையரும்பின் நுண்துளைக்குள் இறங்க முடியும்.

சித்தப்பா சொன்ன "மண்" எது என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொலிபீனோல்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிப் பிடித்துத் திரளச் செய்கின்றன. வாயின் வழுவழுப்புப் போய், நா சொரசொரப்பாகிறது. உமிழ்நீர் தாராளமாக உள்ளவருக்கு அடுத்த கணமே புதிய நீர் வந்து அதைக் கழுவிவிடும். அந்தக் கணநேரச் சொரசொரப்பைத்தான் தேயிலை ருசி பார்ப்பவர்கள் தரமாகப் போற்றுகிறார்கள். வறண்ட வாயில் கழுவ எதுவும் இல்லாததால் அது அப்படியே தங்கிவிடுகிறது. வெறும் சாயத்தண்ணிக்குப் பதிலாகப் பால் சேர்த்து, ஆறவைத்துக் கொடுத்தபோது அவர் முழுக் கோப்பையையும் குடித்தார். பாலிலுள்ள கேசின் என்ற புரதம், உமிழ்நீர்ப் புரதத்தைத் தேடிவரும் பொலிபீனோல்களை முன்கூட்டியே பற்றிக்கொள்வதுதான் அதன் காரணம்.

நம் வீடுகளின் கோதுமை மா ரொட்டி இந்த வாய்க்கு மிகக் கடினமான உணவு. சித்தி அதை நகத்தளவு துண்டுகளாகப் பிய்த்து, இளஞ்சூடான பருப்புக்குள் கால் மணிநேரம் ஊறவைத்து, ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தார். உறைப்பான சம்பலை நிறுத்திவிட்டுத் தேங்காய்ப்பால் சொதியைச் சேர்த்தார். நா மங்கியிருந்தாலும் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை பெரும்பாலும் தப்பியிருக்கும் என்பதால், ரம்பையும் கறிவேப்பிலையும் ஏலக்காயும் அப்போது உப்பையும் உறைப்பையும்விட அதிகம் உதவின. எவ்வளவு முயன்றும் நிறை குறைந்துகொண்டே போனால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இரவில் வாயால் மூச்சு விடுவதும் அடுப்புப் புகையும் வறட்சியைக் கூட்டும். ஊவாப் பக்கத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் கடுமை. படுக்கையருகே தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கலந்து பலமுறை கொப்பளித்துத் துப்புவது தடித்த எச்சிலை இளக்கும். அற்ககோல் கலந்த கொப்பளிப்பு மருந்துகள் மேலும் உலர்த்துவதால் அவை வேண்டாம். சுரப்பியில் உயிருள்ள பகுதி எஞ்சியிருப்பவர்களுக்குப் பைலோகார்பின் மாத்திரை பயன்தரலாம், ஆனால் அது வியர்வையைக் கூட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. நாவில் வெண்படலம் படிந்து எரிந்தால் அது பங்கசுத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது பல். அமிலத்தைத் தணிக்க உமிழ்நீர் இல்லாத வாயில், பல்முரசை ஒட்டிய விளிம்பில் சில மாதங்களிலேயே சொத்தை விழும். வறட்சிக்கு இதமாக நாள் முழுவதும் இனிப்பு மிட்டாய் சூப்புவது இந்த அழிவை விரைவாக்கும். சீனி இல்லாத சூயிங்கம் மெல்வதே பாதுகாப்பு. பல் வைத்தியரின் ஆலோசனைப்படி புளோரைட் செறிவு கூடிய பற்பசையைத் தினமும் பயன்படுத்த வேண்டும். கதிர்பட்ட தாடை எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால், பிற்காலத்தில் ஒரு பல்லைப் பிடுங்கினாலும் புண் ஆறாமல் எலும்பே அழுகக்கூடும். ஆகவே பிடுங்க வேண்டிய பற்களைச் சிகிச்சைக்கு முன்பே பிடுங்கிவிடுகிறார்கள். இந்த ஆபத்து வருடங்கள் கடந்தாலும் நீங்குவதில்லை என்பதால், கதிர்வீச்சின் அளவும் பக்கமும் எழுதப்பட்ட கிளினிக் கொப்பியைச் சித்தி பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறார். சித்தப்பா எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும் வாயைத் திறக்குமுன் அதைத்தான் முதலில் நீட்டுகிறார்.